நீ கழற்றி வைத்த காற்றாடி

என் வாயாடிக் கொழுந்தன் மாதேஷுக்கு,

அண்ணி எழுதுகிறேன். சிரிக்காதே. பேங்க் பாரம் நிரப்பவே உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று நீ கிண்டல் செய்வாய், தெரியும். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிவிட்டேன்.

உன் படத்துக்குக் கீழே போட இரண்டு வரி வேண்டும் என்று நம் கம்பெனிக்கு வந்திருக்கும் புது இன்ஜினியர் கேட்டார். சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு வரியில் உன்னை எப்படி அடக்குவது? நீ இருந்தபோது இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவனா நீ? எழுத எழுதக் கடிதமாகிவிட்டது. கேன்டீன் வாசல் நோட்டீஸ் போர்டில் இதை அப்படியே ஒட்டிவிடுகிறேன் என்கிறார். ஒட்டட்டும். இதை எல்லாரும் படிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திகிரியில் அதே வாடகை வீடுதான். மழை வந்தால் சமையலறை மூலையில் இன்னும் ஒழுகுகிறது, நீ பூசிய சிமென்ட் ஒரு மாதம் தாங்கியது. உன் அண்ணன் ஆட்டோவுக்குப் புது சீட் தைத்திருக்கிறார், நீலக் கலர். நாகரசம்பட்டியில் உன் அம்மா இன்னும் மாந்தோப்புக் கூலிக்குப் போகிறார்கள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. ஐந்து நாள் டெங்குக் காய்ச்சல் முப்பத்து மூன்று வயது ஆளைக் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம்?

இனி நான் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரிந்த கதை. தெரிந்ததையே எழுதுகிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே. போர்டில் நின்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது. மீதிப் பாதி உனக்கும் தெரியாது.

நம் சால்டரிங் செக்ஷனில் பதினாறு டேபிள். வண்டிகளுக்குப் போகிற ஒயர்களின் முனையை ஈயம் உருக்கிப் பற்றவைப்பது எங்கள் வேலை. பற்றவைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு இழை புகை எழும்பும். பார்க்கச் சின்னதுதான், ஆனால் எட்டு மணி நேரம் அதைச் சுவாசித்தால் கண் எரியும், தொண்டை கரகரக்கும், இரவு படுத்தால் இருமல் விடாது. அதனால் ஒவ்வொரு டேபிளுக்கு மேலும் ஒரு தகரக் கூம்பு வைத்திருக்கிறார்கள். பதினாறு கூம்பும் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து, காற்றை உறிஞ்சித் தள்ளும் புளோயர் வழியாகப் பின்சுவரைத் தாண்டி வெளியே போகும்.

கூம்பு இழுக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு எங்களுக்கு ஒரு வழி இருந்தது. தலையில் வைத்து வரும் பூவைத் தொப்பி போடும் முன் எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி சட்டம். வாடிய சரத்தில் பூவை உதிர்த்துவிட்டு, நூலை மட்டும் கூம்பின் வாயில் கட்டிவிடுவோம். யார் ஆரம்பித்தார்களோ, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பழக்கம் இருந்தது. காற்று நன்றாக இழுத்தால் நூல் உள்பக்கமாக நீட்டி நிற்கும். இழுவை குறைந்தால் தொங்கிவிடும். நூல் தொங்கினால் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிடுவோம். மெயின்டனன்ஸ் என்றால் பெரும்பாலும் நீதான் வருவாய், டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு.

உன்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நீ சும்மா சுற்றிக்கொண்டிருந்தாய். கான்ட்ராக்ட் வேலைதான், ஆனால் உள்ளே வந்துவிட்டால் ஒரு நாள் பெர்மனன்ட் ஆகலாம் என்று உன் அண்ணனிடம் நான் சொன்னேன்.

பின்சுவர் ஓரம் சாப்பிட உட்காரும்போது நீ அந்தக் குழாயின் வாய்க்கு நேரே போய் நிற்பாய். சட்டை பலூன் மாதிரி உப்பும். அதைப் பார்த்து நாகரத்னா சிரிப்பாள். நாகரத்னாவை இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனேக்கல்லிலிருந்து வருகிறவள், என் பக்கத்து டேபிள், பாதி கன்னடம் பாதி தமிழில் பேசுகிறவள்.

"அண்ணி, இங்க வந்து கைய நீட்டுங்க. எவ்ளோ வேகமா போவுது பாருங்க. கரன்ட் குடுத்து ஓட்டறம், காத்த வெளிய துப்பிட்டு சும்மா இருக்கறம். இதுல கொஞ்சத்த திருப்பி வாங்கிட்டா எப்டி இருக்கும்?"

"மொதல்ல சோத்த தின்னு. காத்த அப்பறம் புடிக்கலாம்."

நீ விடுகிற ஆளா? பாகலூர் ரோட்டுப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார் ரேடியேட்டர் ஃபேனைத் தூக்கி வந்தாய், அதுதான் உன் காற்றாடி. கரன்ட் கொடுத்தால் அது சுற்றும், நாம் சுற்றிவிட்டால் அது கரன்ட் கொடுக்கும் என்று எனக்கு விளக்கினாய். புரியாமலே தலையாட்டினேன். இரும்பு வளையம் ஒன்று வெல்டு செய்து, ஃபேனைக் குழாயின் வாயிலேயே இறுக்கி மாட்டினாய். ஒயர் இழுத்து ஒரு பல்பு போட்டாய். பல்பு எரிந்தது! அந்த வெளிச்சத்தைவிட உன் முகம்தான் அதிகமாக எரிந்தது அன்றைக்கு.

அதோடு விட்டாயா? கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்துப் புளோயர் ஒயரில் மாட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய்.

"அண்ணி, ரெட்ட லாபம்! பல்பும் எரியுது, புளோயர் எடுக்கற கரன்ட்டும் கொறைஞ்சிருக்குது!"

மேனேஜர் வந்து பார்த்தார், முதுகில் தட்டினார். அந்த மாதம் நடக்கவிருந்த கைசன் போட்டிக்கு, வேலையில் புது யோசனை சொல்கிறவர்களுக்கு வைக்கிற போட்டி அது, உன் பெயரைக் கொடுத்துவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்துவிட்டால் மற்ற பிளான்ட்களிலும் மாட்டுவார்கள், உன்னையும் பெர்மனன்ட் ஆக்கிவிடலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தூரில் ஒரு பெண் வீட்டாரோடு உனக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது அல்லவா, அவர்கள் பெர்மனன்ட் வேலையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் அவர்களுக்கு போன் போட்டு, அடுத்த மாதம் ஆகிவிடும், நான் வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நீ வெளியே பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றாடி மாட்டிய அன்றைக்கே நூல் துவண்டது. முழுதாகத் தொங்கவில்லை, சாய்ந்து ஆடியது. ஈரக் காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் நாகரத்னா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"அக்கா, கண்ணு உரியுத்தே, எரியுது. நூலு நோடி, தொங்குது."

"ஒண்ணுமில்ல, வேலையப் பாரு" என்றேன்.

இதுதான் உனக்குத் தெரியாதது, மாதேஷ். நான் உன்னிடம் சொன்னது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு வேலை ஆகிவிடட்டும், கல்யாணம் ஆகிவிடட்டும், அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினாறு பேர் மூச்சை நான் ஒருத்தியாக உனக்குச் சீதனமாகக் கொடுக்கப் பார்த்தேன். கடைசி டேபிளில் இருந்த பெண் மாசமாக இருந்தாள், அவள் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

கேன்டீனில் உன்னிடம் சொன்னபோது உனக்கு வந்த கோபம் இருக்கிறதே. தட்டைத் தள்ளிவிட்டாய்.

"மீட்டர் பொய் சொல்லுமா அண்ணி?"

"நூலு பொய் சொல்லுமாடா?"

"பூக்கட்டற நூல வெச்சிகினு என் மீட்டர தப்புங்கறீங்க!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ சும்மா போற காத்துன்னு சொல்றியே, அது சும்மா போவலடா. எங்க பொகைய தூக்கிகினு போவுது. அத வழி மறிச்சி நீ வேல வாங்கினா, அது எங்கள வுட்டுட்டு உன் பல்பத்தான் பாக்கும்" என்று கத்தினேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. நீ எழுந்து போய்விட்டாய். போகிறான் திமிர் பிடித்தவன் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் உனக்கு முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் செக்ஷனுக்கு வந்தாய். நான் டீ குடிக்கப் போன நேரம். திரும்பி வந்து பார்த்தால் என் டேபிளில் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்! எழுந்திருடா என்றால் எழவில்லை. நாகரத்னா பற்றவைக்க, நீ அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். இரண்டு மணி நேரம். வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தபோது உன் கண் மிளகாய்ப் பழமாக இருந்தது. குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னாய்.

"காத்து கம்மியா போவுது அண்ணி. அதான் மோட்டார் கம்மியா கரன்ட் எடுக்குது. சொமைய எறக்கி வெச்சுட்ட ஆளு மாதிரி அது பாட்டுக்கு ஹாயா சுத்துது. எறக்கி வெச்ச சொமை பூரா உங்க நெஞ்சுல இருக்குது. நான் லாபம்னு குதிச்சிகினு இருந்தன்."

மறுநாளே தலைமை அலுவலக ஆட்கள் வரும் நாள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிப் பின்பக்கம் ஓடி வந்தேன். நீ ஏற்கெனவே ஏணியில் நின்று நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாய். இப்போது நான் சொல்வதைப் படித்து எல்லாரும் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. உன் காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"இன்னிக்கி ஒரு நாள் வுடு மாதேசு. பத்து மணிக்கி வந்து பாத்துட்டு போயிருவாங்க. மத்தியானம் கழட்டிக்கலாம். ஒரு நாள் பொறுத்துக்க மாட்டமா நாங்க?"

நீ கீழே குனிந்து பார்த்தாய். "அவங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டா அப்பறம் எல்லா பிளான்ட்லயும் இதயே மாட்டுவாங்க அண்ணி. அங்கெல்லாம் கத்தறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

சொல்லிவிட்டு நட்டைக் கழற்றினாய். காற்றாடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினாய். உள்ளே போய்ப் பார்த்தேன், பதினாறு நூலும் கூம்புக்குள் நீட்டி நின்றன.

மேனேஜர் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ "ரெடியாகல சார்" என்று மட்டும் சொன்னாய், என் பெயர் அடிபடக் கூடாது என்று. வந்தவர்கள் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. அதற்கப்புறம் உன் பெயரை யாரும் எடுக்கவில்லை. மத்தூர்க்காரர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். உன் அண்ணன் குதித்த குதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பொழைக்கத் தெரியாதவன்! செஞ்ச வேலைய முடிக்கத் துப்பில்ல, என் வாக்கையும் கெடுத்துட்டான்!" என்றார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாய், வேண்டாம் என்று.

பிறகு கம்பெனியில் வைத்துச் சொன்னாய். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. உங்க வாயாலதான் என் வேல போச்சுன்னு உங்க மேல பாயும். என்னைத் திட்டினா நான் வெளிய போயிருவன். நீங்க எங்க போவீங்க?"

சரி என்றேன். சரி என்று சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. உன் அண்ணன் உன்னோடு எட்டு மாதம் பேசவில்லை. நீ இரண்டு தெரு தள்ளி நண்பர்களோடு ரூம் எடுத்துப் போனாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாய், களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, அவர் வருவதற்குள் போய்விடுவாய். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாளாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பிறகு நீங்கள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள், ஆனால் 'பொழைக்கத் தெரியாதவன்' மட்டும் அவர் வாயிலிருந்து போகவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அதையே சொல்லித்தான் அழுதார்.

ஆனாலும் நீ காற்றாடியை விட்டாயா? அதுதான் எனக்கு உன்னிடம் பிடித்தது. வாயில் மாட்டினால் வழி அடைகிறது, காற்று வெளியே வந்து தன் வேலையை முடித்தபிறகு எட்ட நின்று பிடித்தால் என்ன என்றாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் மூன்று பேருக்கும் அதே வேலை. நீ வெளியே காற்றாடியை ஸ்டாண்டோடு நகர்த்துவாய். நான் உள்ளே நூலைப் பார்ப்பேன். நாகரத்னா கதவில் நின்று இரண்டு பக்கமும் கத்துவாள்.

"அண்ணி, இப்ப?"

"தொங்குது!"

"ஹிந்தே ஹோகு! இன்னும் பின்னால போ மாதேசு!"

இரண்டு அடி. மூன்று அடி. குழாய் வாயிலிருந்து காம்பவுண்டு சுவர்ப் பக்கம் போய்க்கொண்டே இருந்தாய். ஒரு இடத்தில் பதினாறு நூலும், காற்றாடியே இல்லாதபோது நிற்பது போலவே நின்றன. அங்கே பல்பு முன்பு எரிந்ததில் கால்வாசிகூட எரியவில்லை. "இவ்ளோதான் நமக்கு" என்று சிரித்தாய். கொண்டுபோய் அந்தச் சின்ன பல்பை எங்கள் பாத்ரூமுக்குப் போகும் சந்தில் மாட்டினாய். இரண்டாம் ஷிஃப்டில் அந்தச் சந்தில் போகவே நாங்கள் பயப்படுவோம், எத்தனையோ முறை லைட் கேட்டிருந்தோம். அன்று மாலை அதில் நடந்தபோது எனக்கு அழுகை வந்தது. உன்னிடம், "என்னடா மின்மினிப் பூச்சி மாதிரி லைட் போட்டிருக்க" என்றுதான் சொன்னேன்.

அந்த மின்மினிப் பூச்சி செய்த வேலை உனக்கே தெரியாமல் வந்ததுதானே? ஒரு நாள் பல்பு மங்கிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நீ போய்ப் பார்த்தால் புளோயர் பெல்ட் வழுக்கிக்கொண்டிருக்கிறது. நூல் துவள்வதற்கு முன்பே பல்பு சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஷிஃப்டுக்குள் நுழையும் முன் எல்லாரும் சந்துப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால்தான் சூட்டுக்கோலை எடுப்பார்கள். காற்றிலிருந்து கரன்ட்டை மிச்சம் பிடிக்கப் போனாய், மிச்சமானது எங்கள் நெஞ்சு. அதற்காகவும் உன்னைப் பெர்மனன்ட் ஆக்கவில்லை. நீ கடைசிவரை கான்ட்ராக்ட்தான்.

இனி இந்த வருஷத்துச் செய்தி. ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். உன் அண்ணனை நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். புது இன்ஜினியர் அருண் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நல்ல பிள்ளை, உன்னைப் பார்த்ததே இல்லை, உன்னைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உன் மேல் ஒரு பிரியம். எங்களுக்குத் தெரியாமல் ஸ்டோரிலிருந்து அந்தப் பழைய இரும்பு வளையத்தைத் தேடி எடுத்து, உன் காற்றாடியைத் திரும்பவும் குழாய் வாயில் மாட்டியிருக்கிறார். சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம், உன் படம், 'மாதேஷ் காற்றாடி' என்று ஒரு பலகை. புளோயரை ஓட்டினார்கள். பல்பு பளீரென்று எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். உன் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். படம் எடுத்து நாகரசம்பட்டிக்கு, மத்தூருக்கு, எல்லாச் சொந்தத்துக்கும் அனுப்பினார்.

"எப்படிக்கா, நல்லாருக்குல்லா?" என்று அருண் கேட்டார்.

நான் செக்ஷனுக்குள் போய்ப் பார்த்தேன். நூல் தொங்கியது. அன்று வேலை கிடையாது, அதனால் ஒன்றும் சொல்லாமல் பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்பு இரண்டு நாள் வாயை மூடியிருந்தேன், இந்த முறை ஒரு நாள். கொஞ்சம் தேறியிருக்கிறேன்.

மறுநாள் காலை நான் சூட்டுக்கோலைத் தொடவில்லை. அருணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து காட்டினார். "இங்கன பாருங்கக்கா, கரன்ட்டு கொறஞ்சில்லா இருக்கு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதே மீட்டர், அதே சந்தோஷம். என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க சார்" என்றேன். பாவம், ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போய், அவர் கையாலேயே வளையத்தைக் கழற்றினார். காற்றாடி நீ வைத்த இடத்துக்கே போய்விட்டது. உன் படத்தைச் செக்ஷனுக்குள் மாட்டலாம் என்றேன், சரி என்றார்.

வீட்டில்தான் புயல். கம்பெனி ஆள் யாரோ ஆட்டோவில் ஏறி உன் அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

"என் தம்பி பேர இப்பதான் ஒருத்தன் தூக்கி வெச்சான். அத நீயே எறக்கச் சொன்னியா? அவன் மேல உனக்கு என்னா அப்பிடி?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நூல், கேன்டீன் சண்டை, நீ என் டேபிளில் உட்கார்ந்தது, ஏணி, நான் கெஞ்சியது, நீ சொன்னது, நான் மறைத்தது. மிச்சம் வைக்காமல் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டு மாசம், மஞ்சுளா" என்றார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எட்டு மாசம் அவனோட உக்காந்து சோறு தின்னிருப்பனே."

அதற்கப்புறம் அவர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியது, வழி தவறி உன்னிடம் வந்துகொண்டிருந்தது.

மாதேஷ், நன்றி என்று உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கொழுந்தனிடம் யார் நன்றி சொல்வார்கள், கிண்டல்தானே செய்வோம். இப்போது சொல்கிறேன். எனக்கு இருமல் இல்லை. நாகரத்னா பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாள். கடைசி டேபிள் பெண்ணின் குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது, அடங்காத வால். உன் கல்யாணமும் உன் வேலையும் இருந்த இடத்தில் எங்கள் மூச்சு இருக்கிறது. ரொம்ப நன்றி, தம்பி.

ஒரு வாக்கும் கொடுக்கிறேன். சால்டரிங் செக்ஷனுக்குப் புதிதாக யார் வந்தாலும், முதல் நாள் நூல் கட்டச் சொல்லிக் கொடுக்கும்போது உன் கதையை நானே சொல்வேன். அதில் நீ எவ்வளவு நல்லவன் என்பதை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள மாட்டேன். நான் இரண்டு நாள் வாய் மூடியிருந்ததையும், ஏணிக்குக் கீழே நின்று கெஞ்சியதையும் சேர்த்தே சொல்வேன். வெட்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்வேன்.

இதை எழுதி முடித்து இன்று காலை உன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து படித்தார். பிறகு உள்ளே வந்து, "எம்பேரும் போடு" என்றார். என்னவென்று போட என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறேன்.

உன் அண்ணி மஞ்சுளா,
உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே உன்னைத் திட்டின அண்ணன் கோவிந்தராஜ்.